மிளகும் முசிறியும்: பல்துறை ஆய்வுகளை வாசிக்கும் முறை பற்றிய ஒரு திறனாய்வு

தமிழியல் என்னும் பெயரால் இன்று நடைபெறும் ஆய்வுகளை ஒரே கூரையின்கீழ் அடக்குதல் அரிது. சங்கப் பாடலுக்கு உரை காண்பவரும், பானையோட்டில் கீறப்பட்ட எழுத்தைப் படிப்பவரும், மண்ணில் புதைந்த விதையை நுண்ணோக்கியின்வழி ஆராய்பவரும், மொழிகளின் சொற்பட்டியலைக் கணினிக்கு அளித்துக் கிளைமரம் வரைபவரும் ஏதேனும் ஒருவகையில் தமிழின் தொன்மையைத் தொட்டே செல்கின்றனர். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, தமிழை மொழியாசிரியர்களின் தனியுடைமையாகக் கருதாது வரலாற்றாசிரியர், மொழியியலார், மானிடவியலார் ஆகியோரையும் ஒரே அவையில் இருத்தவேண்டும் என்பதே தனிநாயக அடிகளார் போன்றோரின் நோக்கமாக இருந்தது. அவ்வவை இன்று மிகப் பெரிதாகிவிட்டது. ஆயின் அதில் அமர்ந்திருப்போர் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்கின்றனரா என்பது ஐயத்திற்குரியது.

ஆய்வுகள் பலவாகப் பிரிந்துவிட்டன என்று வருந்துவோர் கூட்டத்தில் நாம் சேரவில்லை. துறை நுண்மையடையுந்தோறும் பிரியவே செய்யும். நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் குறை வேறு. ஒரு துறையார் மற்றொரு துறையின் முடிவைக் கடன் வாங்குகின்றனர். அம்முடிவு எவ்வாறு பெறப்பட்டது, எந்த எல்லைவரை செல்லும் என்பதைக் கேட்டுப் பெறுவதில்லை. இதனைப் பொதுப்படக் கூறுவதினும் ஒரு பொருளை முன்வைத்துக் காண்பது நன்று. தமிழாசிரியர் அனைவரும் அறிந்த மிளகையே எடுத்துக்கொள்வோம்.

யவனர் கலம் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியைக் கூறும் அகநானூற்று 149ஆம் பாடல் நம் பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் ஓயாது இடம்பெறுவது. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது. ஆயின் எடுத்தாளப்படுவன இரண்டு மூன்று அடிகளே. எஞ்சிய பாடல் யாது கூறுகிறது? பொருள்தேடப் புறப்படுமாறு தூண்டும் தன் நெஞ்சை நோக்கித் தலைவன் பேசுகிறான். அரிய சுரத்தைக் கடந்து பெறற்கரிய பொருளைப் பெற்றாலும் நான் வாரேன் என்கிறான். ஏன் வாரேன்? இவள் கண்கள் நீர் கொள்ளும் என்பதனால். அக்கண்களுக்கு உவமையாகும் நீலமலர் பூத்த சுனை எங்குள்ளது என்று சொல்லவே பாடல் நீண்டு செல்கிறது. சுனை முருகன் குன்றத்தில் உள்ளது, குன்றம் கூடலுக்கு மேற்கே உள்ளது, கூடல் செழியனுடையது, அச்செழியன் முசிறியை வளைத்துப் போர் வென்று படிமத்தைக் கவர்ந்தவன், அம்முசிறியோ யவனர் கலம் வந்துசெல்லும் வளமுடையது. வணிகச் செய்தி ஒரு நீண்ட அடைமொழித் தொடரின் தொலைமுனையில் நிற்கிறது. செல்வத்தை இத்துணை விரித்துக் காட்டிவிட்டு, அதனைக் கண்ணீருக்கு முன் வைத்து எடைபோடுவதே பாட்டின் வேலை.

புறநானூறு 343இல் பரணர் இன்னும் வெளிப்படையாகவே இதனைச் செய்கிறார். மனைகளில் குவிந்த மிளகு மூட்டைகள், கலங்கள் கொணர்ந்த பொன்னைக் கழித்தோணிகள் கரைசேர்த்தல் ஆகியன எல்லாம் அங்கே உள்ளன. ஆயின் அத்தகைய முசிறியை ஒத்த பெரும்பொருளைப் பணிந்து கொடுப்பினும், தகுதியில்லார்க்குத் தந்தை மகளைத் தரான் என்பதே பாடலின் கருத்து. சங்கத் தொகையில் முசிறியின் செல்வம் மிக விரிவாகப் பேசப்படும் இவ்விரு பாடல்களிலும் செல்வத்தை மறுக்கும் குரலே ஒலிக்கிறது. இவற்றைத் துறைமுகப் பதிவேடுபோல் மேற்கோள் காட்டும் வரலாற்றுக் கட்டுரைகள் இக்குரலைக் கேளாமலே போகின்றன. இதனால் பாடல்கள் வரலாற்றுச் சான்றாகா என்று நாம் கூறவில்லை. கேட்போர்க்கு முசிறி என்றதும் பெருஞ்செல்வம் நினைவுக்கு வரும் என்னும் உறுதி இருந்தாலன்றி இவ்வுத்தி பலிக்காது. சான்று அங்குதான் உள்ளது. எத்தனை கலம், எவ்வளவு பொன் என்ற கணக்கில் இல்லை.

கணக்கு வேண்டுவோர் வேறிடம் செல்ல வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி, ஒரு இறாத்தல் கருமிளகின் விலை 4 தினாரி, வெண்மிளகு 7, திப்பிலி 15 என்று விலை குறிக்கிறார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குச் செல்கிறது என்று அவர் மனம்புழுங்கும் இடமும் பலரால் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அவர் உரோமரின் ஆடம்பரத்தைக் கண்டிக்கும் ஒழுக்கவுரையாளர் என்பதை இலத்தீன் இலக்கியம் கற்றோர் மறவார், நாம் மறந்துவிடுகிறோம். வியன்னாவில் உள்ள, 1985இல் பதிப்பிக்கப்பட்ட முசிறிப் பாப்பிரசு ஏடு இன்னும் உறுதியான ஆவணம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வேட்டின் ஒரு பக்கம் கடன் ஒப்பந்தத்தையும், மறுபக்கம் ஹெர்மாபொல்லோன் என்னும் கலத்தில் வந்த சரக்கின் மதிப்பையும் கூறுகிறது. எழுபது இலட்சம் செஸ்டர்ஸை நெருங்கும் தொகை அதில் காணப்படுகிறது. கங்கைப் பகுதி நறுமணச் சடாமாஞ்சிலும் யானைத் தந்தமும் எஞ்சிய வரிகளில் உள்ளன. தமிழ்க் கட்டுரைகள் பல இவ்வேட்டை மிளகு ஏற்றுமதிக்கு நேர்ச்சான்றாகக் காட்டுகின்றன. மிளகின் பங்கோ, சிதைந்துபோன பகுதிக்கு உரிய பெருந்தொகையைக் கொண்டு ஆய்வாளர் கணித்துப் பெறுவது. 2020இல் வெளிவந்த டி ரோமானிசின் நூல் இக்கணிப்பை நுட்பமாக நிறுவ முயல்கிறது. நல்ல கணிப்பும் கணிப்பே.

மிளகே நேராகக் கிடைத்த இடம் எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள பெரெனிகே. அங்குச் செராபிஸ் கோயில் முற்றத்தில் இந்தியத் தாழி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ கருமிளகு இருந்தது. கருமிளகு எகிப்தில் விளையாது. ஆதலின் தொல்தாவரவியலார் விதையை இனங்கண்ட அளவிலேயே கடல் வாணிகம் மெய்ப்பிக்கப்பட்டுவிடுகிறது, உரைவேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் அம்மிளகு கோயிலில் ஏன் இருந்தது, எவர் படைத்தது என்ற வினாக்களுக்கு விதை விடை தராது. கிரேக்க, இலத்தீன் மொழிகளில் மிளகைக் குறிக்கும் சொல் பிப்பலி என்னும் வடசொல்லின் வழியது. பிப்பலி என்பதோ திப்பிலி. கருமிளகு சேரநாட்டு மலைகளினது. திப்பிலியின் பெயரோ வடக்கிலிருந்து சென்றது. பொருள் ஒரு வழியிலும் பெயர் ஒரு வழியிலும் சென்றிருக்கின்றன. மேலை மொழிகளின் மிளகுச் சொல் தமிழிலிருந்தே பிறந்தது என்று எழுதுவோர் ஒருமுறை சொற்பிறப்பியலாரைக் கேட்டிருக்கலாம்.

இக்கடன்களுள் மிகத் தீங்கானது வட்டமாகச் சுழலும் கடன். பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ஆம்போரா ஓடுகளும் மிளகும் மரத்தோணியும் கிடைத்தன. அவ்விடமே முசிறி என்பார் ஒருசாரார், மறுப்பாரும் உளர். இவ்விடத்தை முசிறி என்று பெயரிட இலக்கியத்தைத் துணைக்கழைத்து, பின்னர் இலக்கியத்தின் காலத்தை நிறுவ இவ்விடத்தின் மட்கலங்களைத் துணைக்கழைத்தால், இரண்டும் ஒன்றையொன்று தாங்குவதுபோல் தோன்றும். உண்மையில் எதுவும் நிலத்தில் நிற்கவில்லை. எந்தக் காலக்கணிப்பு எதனைச் சாராமல் பெறப்பட்டது என்பதை முதலில் எழுதிக்காட்டும் ஆய்வேட்டை நாம் அரிதாகவே காண்கிறோம்.

துறைகள் உண்மையில் ஒன்றையொன்று திருத்திய நிகழ்வும் உண்டு. 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த வீலர், அங்குக் கிடைத்த இத்தாலிய அரிட்டைன் ஓடுகளைக் கொண்டு தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு காலக்கோடு வரைந்தார். அவற்றுடன் கிடைத்த, உட்புறம் வட்டக் கோலமிட்ட ரௌலட்டட் மட்கலங்களையும் மத்தியதரைக் கடல் மரபோடு இணைத்தார். பல்லாண்டு இக்கருத்தே பாடமாக இருந்தது. 1997இல் கோக்டே எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறையால் அவ்வோடுகளின் களிமண்ணை ஆராய்ந்து, அது வங்காளத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதி மண்ணோடு ஒத்திருப்பதைக் காட்டினார். அதே வகை ஓடுகள் பாலித்தீவின் செம்பிரானிலும் கிடைத்தமையை அர்திகாவும் பெல்வுட்டும் 1991இலேயே வெளியிட்டிருந்தனர். உரோமை நோக்கித் திரும்பியிருந்த கண்கள் வங்கக்கடலை நோக்கித் திரும்பின. மலாய் உலகில் இருந்து தமிழ் ஆய்வோர்க்கு இதைவிடப் பெரிய கொடை வேண்டுமா? இருப்பினும் நம் வகுப்பறைகளில் யவனர் கலம் இன்றும் நங்கூரமிட்டு நிற்கிறது. வங்காளப் பானை இன்னும் கரையேறவில்லை.

அறிவியல் முடிவை நாம் பிழைபட வாங்குவதற்கும் சான்று உண்டு. 2018இல் வெளியான ஆய்வொன்று இருபது திராவிட மொழிகளின் சொற்பட்டியலைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, திராவிட மொழிக்குடும்பத்தின் அகவை ஏறத்தாழ 4500 ஆண்டு என்றது. தமிழுக்கு அகவை 4500 என்று மேடைகளில் அது முழங்கப்பட்டது. குடும்பம் கிளைக்கத் தொடங்கிய காலம் வேறு, ஒரு கிளையின் அகவை வேறு என்பது ஒருபுறமிருக்க, ஆய்வாளர்கள் தந்த வீச்சு 3000 முதல் 6500 ஆண்டு வரை. வீச்சைக் கைவிட்டு நடு எண்ணை மட்டும் ஏந்துவது, பாடலைக் கைவிட்டு மூன்றடியை ஏந்துவதற்கு ஒப்பானதே.

‘சங்க இலக்கியத்தில் தாவரவியல்’ என்றாற்போன்ற தலைப்புகளில் நம் மாணவர் பலர் எழுதுகின்றனர். மலர்ப்பெயர்களை நிரல்படுத்தி, எதிரே தாவரவியற் பெயரை எழுதிவிட்டால் ஆய்வு முடிந்தது என்பது பரவலான வழக்கம். பி. எல். சாமி சங்க இலக்கியச் செடிகொடிகளை விளக்கியபோது அவ்வாறு செய்யவில்லை. செடியின் இயல்பையும் புலவன் கூறும் அடைமொழியையும் அருகருகே வைத்து ஒத்துப்பார்த்தே இனங்கண்டார். அவர்தம் முடிவுகளுள் சிலவற்றை இன்று மறுக்கக்கூடும். மறுப்பதற்கு வேண்டிய தரவை அவரே தந்திருப்பதுதான் அவர் முறையின் சிறப்பு. ஆய்வேட்டுக்கு வழிகாட்டுவோர் பிறதுறையார் ஒருவரையேனும் மாணவர் நேரில் கண்டு வினவச் செய்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைக்கும் நமக்கும் இடையே உள்ள தொலைவு நடந்துசெல்லும் தொலைவே.

தென் தாய்லாந்தின் குவான் லுக் பட்டில் கிடைத்த சிறு கல்லொன்றில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ எனப் பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டினது என்பர். கல் உரைகல்லாகப் பயன்பட்டதைக் கல்லை ஆராய்வோர் கூறலாம். எழுத்தின் காலத்தைக் கல்வெட்டறிஞர் கூறலாம். ஒற்றெழுத்து இரட்டியாது எழுதும் அக்கால வழக்கை அறிந்து, அதனைப் பத்தன் என்று படித்து, பத்தர் என்பது பொற்கொல்லரைக் குறிக்கும் சொல் என்று காட்டத் தமிழ் கற்றவரே வேண்டும். கல் இருப்பது நம் வட எல்லைக்கு அப்பால், ஒரு நாட் பயணத் தொலைவில்.