லாரி பேட்டரியும் வள்ளத்துப் பற்றரியும்

"உங்கட ஆக்களுக்குக் கறன்ற் எண்டால் சுவரிலை இருக்கிற ஓட்டைதான், தம்பி" என்று யாழ்ப்பாணம் குருநகர்க் கரையில் ஒரு மீனவப் பெரியவர் என்னிடம் சொன்னார். நான் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. தங்கியிருந்த வீட்டுச் சுவரில் மூன்று சதுரத் துளைகள்; என் சார்ஜருக்கோ இரண்டு உருண்டைக் கால்கள். இலங்கையில் இப்போது சதுரக் கால் பிளக்கையே பொதுத் தரமாக்கி வருகிறார்கள். அடாப்டர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தேன். அவர் பதில் சொல்லாமல் தன் வள்ளத்தைக் காட்டினார். பலகைக்கு அடியில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் 12 வோல்ட் பற்றரி, அதிலிருந்து இரண்டு வயர், முனையில் கார்களில் சிகரெட் லைட்டருக்கு வைத்திருப்பார்களே அந்தக் குழி, அதில் ஒரு யுஎஸ்பி சொருகி. என் போன் சமர்த்தாக சார்ஜ் ஏறியது. சுவர்த் துளைக்குத்தான் நாட்டுக்கு நாடு வடிவம் மாறுகிறது. லைட்டர் குழிக்கு எல்லை கிடையாது.

சார்ஜ் ஏறியது சரி. அந்தச் சொல் மட்டும் இறங்கவில்லை. கோயம்புத்தூர்க்காரனைப் பார்த்தா கரண்ட் தெரியாதவன் என்பது? 1932இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கிய பிறகுதான் எங்கள் ஊரில் மில்கள் வரிசைகட்டி எழுந்தன. 1937இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தது இங்கேதான். அதே ஜி.டி.நாயுடு உலர் செல்லில் ஓடும் 'ரசாந்த்' சவரக் கருவியையும் உருவாக்கினார். சின்னக் கருவியைப் பேட்டரியில் ஓட்டுவது எங்களுக்கு நேற்று வந்த வித்தையல்ல. அதை அவரிடம் சொன்னேனா என்றால், இல்லை. வயதில் மூத்தவர், தவிர என் போன் அவர் வள்ளத்தில் இருந்தது.

'உங்கட ஆக்கள்' என்பதிலும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. வட இலங்கைக் கரையில் இந்தியக்காரர் என்றாலே இரவில் வந்து மடி இழுத்துப் போகும் விசைப்படகுக்காரர்தான். இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. வலை அறுந்தவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் கடலே இல்லாத ஊர்க்காரன், எங்கள் பக்கம் தண்ணீரில் மிதப்பது பவானிசாகர்ப் பரிசல்தான் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

கடல் இல்லையே தவிர, வீட்டை விட்டுப் புறப்பட்டு வாரக்கணக்கில் பேட்டரியோடு பிழைப்பவர்கள் எங்களிடம் ஏராளம். சங்ககிரி, நாமக்கல் லாரிகளைச் சொல்கிறேன். அவற்றையும் மிஞ்சியவை திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள். ஆழ்துளைக் கிணறு தோண்ட மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போய், மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். டிரைவர், டிரில்லர், உதவியாட்கள் என ஒரு கும்பலே வண்டியை ஒட்டிச் சமைத்து, வண்டியடியிலேயே படுத்து எழும். எல்லோர் கையிலும் போன். வேலை செய்யும் காட்டில் சுவரே கிடையாது, பிறகு ஓட்டைக்கு எங்கே போவது? அங்கே எல்லா போனும் வண்டி பேட்டரியில்தான் உயிர் வாழ்கிறது. அந்தப் பெரியவர் ஒரு நாள் ரிக் வண்டிப் பக்கம் வந்து பார்க்க வேண்டும்.

இந்த வயரிங்கைச் செய்வது எங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பட்டறைகள். பெயர்ப்பலகையைப் பார்த்து ஆட்டோவுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மொபெட் முதல் பதினாறு சக்கர லாரி வரை எல்லாம் அங்கேதான். லாரிக்கு 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக. பாசிட்டிவ் வயர் ஒன்றைத்தான் இழுப்பார்கள். திரும்பி வரும் கரண்டுக்கு சேஸ் இரும்பே வழி. அதற்கு பாடி எர்த் என்று பெயர். "சேஸே எர்த்துங்க, இன்னொரு ஒயர் எதுக்குங்க?" என்பது எனக்குத் தெரிந்த ஒரு மிஸ்திரியின் வேதம். செம்பு மிச்சம், நேரம் மிச்சம், பழுது வந்தால் தேட வேண்டியது ஒரே ஒரு வயர். இரும்பு வண்டிக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது.

ஆனால் போனுக்கு வேண்டியது 5 வோல்ட். 24ஐ 5 ஆக்க எங்கள் பட்டறைகள் காலத்துக்குக் காலம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்கின்றன. முன்பு 7805 என்ற மூன்று கால் சில்லை அலுமினியத் தகட்டில் முடுக்கி வைப்பார்கள். எஞ்சின் ஓடும்போது லாரியில் 28 வோல்ட் நிற்கும். அந்தச் சில்லு வழியாக போனுக்கு ஒரு ஆம்பியர் கொடுத்தால் போனுக்குப் போவது 5 வாட், சூடாகப் போவது 23 வாட். மே மாதத்து கேபினில் அதைத் தொட முடியாது. இப்போது வருவது மின்னோட்டத்தை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுக்கும் கன்வெர்ட்டர். உள்ளே போவதில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளியே வந்துவிடும், சூடும் குறைவு. புது வண்டிகளில் கம்பெனியே யுஎஸ்பி குழி வைத்துத் தருகிறது. 2025 அக்டோபர் முதல் புதிதாகத் தயாராகும் லாரிகளுக்கு கேபினில் ஏசியே கட்டாயம். நல்ல காலம்.

சில்லுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே ஒரு கெட்ட பழக்கமும் எங்களிடம் இருக்கிறது. 12 வோல்ட் டேப் ரெக்கார்டர் காலத்தில் தொடங்கியது. இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் நடுப் பட்டையில் ஒரு வயரைப் போட்டு, கீழ் பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்கொள்வது. கன்வெர்ட்டர் செலவு மிச்சம், பாட்டும் கேட்கலாம், போனும் ஏறும். ஆனால் கீழ் பேட்டரி நாள்தோறும் கூடுதலாக இறங்குகிறது. டைனமோ ஏற்றுவதோ இரண்டுக்கும் ஒரே கரண்ட். மொத்தம் 28 வோல்ட் வந்துவிட்டதா என்று பார்க்கும் ரெகுலேட்டருக்கு உள்ளே யார் பட்டினி, யார் அஜீரணம் என்று தெரியாது. கீழ் பேட்டரி அரைகுறையாகவே கிடந்து கந்தகம் பிடிக்கும். மேல் பேட்டரி அளவுக்கு மீறி ஏறிக் கொதித்து டிஸ்டில் வாட்டரைக் குடித்துத் தீர்க்கும். இரண்டும் சேர்ந்தே சாகும். பழி பேட்டரி கம்பெனிக்குப் போகும். 'ஒரு போன் சார்ஜர் என்ன கரண்ட் இழுத்துவிடப் போகிறது' என்று கேட்பவர்களுக்காக இதைச் சற்று நீட்டியே சொல்கிறேன். ஒரு போன் இழுக்காது. காட்டில் நிறுத்திய ரிக் வண்டியில் ராத்திரி முழுக்க வரிசையாக எட்டு போனும் ஒரு எல்ஈடி விளக்கும் இழுக்கும். விடிந்ததும் செல்ஃப் சுற்றாது. பக்கத்து வண்டியைக் கெஞ்சி கேபிள் போட வேண்டியிருக்கும்.

குருநகர் வள்ளத்தில் நான் கண்டது இதற்கு நேர் எதிர்த் திசை. கண்ணாடிநார் வள்ளத்துக்கு சேஸ் ஏது? உடம்பு கரண்ட் கடத்தாது. ஆகவே எந்தச் சின்ன விளக்குக்கும் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு வயர். இணைப்புகளில் எல்லாம் கிரீஸ் அப்பியிருந்தார்கள். உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கித் தின்றுவிடும், தின்ற இடத்தில் மின்தடை ஏறி வயர் சூடாகும் என்று ஒரு இளைஞர் விளக்கினார். இரும்பு உடம்புள்ள பெரிய படகிலும் எங்கள் பாடி எர்த் ஆகாதாம். உடம்பு வழியே கரண்ட் கசிந்தால் கடல்நீரில் இரும்பு அரித்துப்போகும். நியாயம்தான். ஆனாலும் அதிர்வுக்கும் தூசிக்கும் ஈடுகொடுக்கும் எங்கள் வயரிங்கை அந்த உப்புக்காரர்கள் குறைத்து எடைபோடக் கூடாது.

இன்னொரு வித்தியாசம். சின்ன வள்ளத்தில் வெளியே மாட்டும் மண்ணெண்ணெய் எஞ்சின், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. பெரும்பாலும் பேட்டரி ஏற்றும் சுருள் அதில் இருக்காது. ஓடும் லாரியின் டைனமோ ஒரு கிலோவாட்டுக்கு மேல் தள்ளும். வள்ளத்திலோ கரையில் ஏற்றிக்கொண்டு போனதுதான் ராத்திரி முழுவதற்கும் கணக்கு. 35 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 420 வாட்-மணி, பேட்டரி கெடாமலிருக்க அதில் பாதியைத்தான் தொடலாம். ஜிபிஎஸ், விளக்கு போக மிச்சத்தில்தான் போன். ஒரு போனை முழுக்க ஏற்ற இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 25 வாட்-மணி ஆகும். அந்த இளைஞர் இந்த எண் எதையும் சொல்லவில்லை. "போன் ஒண்டு, லைற் ஒண்டு, அவ்வளவுதான்" என்றார். அதே கணக்குதான். கரைக்கு வந்ததும் பற்றரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். எங்கள் ஆட்கள் பேட்டரியை வண்டியிலிருந்து இறக்குவது அது செத்த பிறகுதான்.

இந்தச் சிக்கனம் எங்கிருந்து வந்தது என்பதைப் பெரியவர் சொல்லாமலே ஊர் சொல்லியது. 1990இல் போர் மறுபடி மூண்டபோது குடாநாட்டில் கரண்ட் போனது. பல ஆண்டுகள் வரவில்லை. டார்ச் செல்கூடப் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்ததை ரேடியோவுக்குக் கொடுத்துச் செய்தி கேட்ட தலைமுறை அது. 2022 மார்ச் 31இல் இலங்கை முழுவதும் 13 மணி நேர மின்வெட்டு அறிவித்தபோது, கொழும்பு பதறிய அளவுக்கு இங்கே பதறவில்லை என்று தங்கிய வீட்டு அம்மா சிரித்தபடி சொன்னார். அந்த ஆண்டு மண்ணெண்ணெய்கூட இல்லாமல் வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. இதற்கெல்லாம் முன்னால் நின்று எங்கள் ஊர்ப் பெருமை பேச நாக்கு கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

நாங்களும் இருட்டைப் பார்க்காதவர்கள் அல்ல. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் வெட்டு என்றால் கொங்கு நாட்டுக்கு ஒரு நாளில் பாதி. பல்லடம், உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுழல, கீழே விசைத்தறிகள் நின்றன. அப்போது நாங்கள் செய்தது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கியது. பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கி, சுவர்த் துளைக்கு அனுப்பி, அங்கே சார்ஜரைச் சொருகி மறுபடி 5 ஆக்கினோம். இரண்டு தடவை மாற்றம், இரண்டு தடவை இழப்பு. பேட்டரி பக்கத்திலேயே இருந்தும் நேராக ஒரு வயர் இழுக்க எங்களுக்குத் தோன்றவில்லை. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 48 வோல்ட் நேர்மின்சாரத்திலேயே வீட்டின் விளக்கு, மின்விசிறி, போனை ஓட்டும் ஏற்பாட்டைச் செய்து, ராஜஸ்தானில் கரண்ட் எட்டாத வீடுகளுக்கும் கொண்டுபோனார்கள். ரிக் வண்டியில் அதே வேலையை ஒரு மிஸ்திரி தினமும் செய்கிறார். அவர் வீட்டில் மட்டும் இன்வெர்ட்டர். வண்டியில் இருக்கும் புத்தி வீட்டுக்கு வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே பற்றரி, லைற், ரோச். எங்களிடம் பேட்டரி, லைட், டார்ச். அவர்கள் 'வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டுவார்கள்', நாங்கள் 'வண்டிக்கு மாட்டுவோம்'. லாரியில் இருக்கும் ஆல்டர்னேட்டரை நாங்கள் விடாமல் டைனமோ என்கிறோம். அவர்களுக்கு டைனமோ என்றால் அந்தப் பழைய சைக்கிள். அவர்கள் பற்றரி மீது எனக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு: இலங்கையில் எக்ஸைட், லூகாஸ், டாகனைட் என்ற பெயர்களில் பேட்டரி செய்யும் நிறுவனம் இந்திய எக்ஸைடின் துணை நிறுவனம். எக்ஸைடுக்கு ஓசூரிலும் ஆலை இருக்கிறது. ஓசூர் கொங்கா என்று கேட்காதீர்கள், அது வேறு சண்டை.

ஒரு கரையில் சில வள்ளங்களைப் பார்த்துவிட்டு இலங்கையைப் பற்றி எழுதுகிறான் என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும், அவர்களில் எத்தனை பேர் திருச்செங்கோட்டுப் பட்டறை வாசலில் நின்றிருக்கிறார்கள்? படகுக் கருவிகளின் பாரம் இனி இரண்டு நாட்டிலும் கூடத்தான் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்குத் தடை போட்டு 2016இல் நீக்கியது. அதை ஒட்டி அங்கே பலநாள் படகுகளில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தினார்கள். இங்கே ஒரு லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர் வைக்கும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. படகில் கருவிகள் கூடக் கூட அந்தச் சின்ன பேட்டரிக்கு வேலையும் கூடும்.

என் தீர்ப்பு இது: கரண்டை எண்ணிச் செலவழிப்பதில் வள்ளத்துக்காரர் கெட்டிக்காரர், அதிர்ந்து குலுங்கும் வண்டியில் வயரிங் நிற்க வைப்பதில் எங்கள் மிஸ்திரியை அடிக்க ஆள் இல்லை. இரண்டு பக்கத்திலும் சரியாக இல்லாத ஒன்று ஃபியூஸ். நான் பார்த்த வள்ளங்களில் பாதிக்கு இல்லை. எங்கள் லாரிகளில் இருந்தாலும் அது சார்ஜர் முனையில் இருக்கும். இருக்க வேண்டியது பேட்டரி முனையில். நடுவழியில் வயர் உரசிக் கோளாறானால் சார்ஜர் பக்கத்து ஃபியூஸ் எதையும் காப்பாற்றாது. ஒரு லாரி பேட்டரி நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டி கேபினைக் கொளுத்திவிடும். லாரி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். நடுப் பட்டையில் மாட்டியிருக்கும் அந்த 12 வோல்ட் வயரை இந்த வாரமே கழற்றிவிட்டு, முழு 24க்கும் சேர்த்து ஒரு கன்வெர்ட்டர் வையுங்கள்.