ஃபியூஸ் யாரைக் காக்கிறது?

பள்ளியில் படித்த மின்சாரப் பாடத்தில் இரண்டு செய்திகள் யாருக்கும் மறப்பதில்லை. தொடரிணைப்பில் ஒரு பல்பு போனால் எல்லாம் அணைந்துவிடும். பக்க இணைப்பில் ஒன்று போனாலும் மற்றவை எரியும். வீட்டு ஒயரிங் பக்க இணைப்பு. அதற்கு மேல் ஃபியூஸும் இருக்கிறது. ஆகவே டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் பயமில்லை என்று நாமே ஒரு முடிவையும் சேர்த்துக்கொள்கிறோம். இந்த முடிவு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை திருவண்ணாமலையின் வேங்கிக்கால் மாதிரி ஓர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் பகுதி. வாடகைக்கு விட்ட போர்ஷன்கள் நிறைந்த ஊர். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் கிரிவலம் வருகிறவர்களால் திருவண்ணாமலையில் அறைகள் நிரம்பும்போது ஒயரிங்கின் மீது ஏறும் சுமையும் சாதாரணமானதல்ல.

முதலில் தொடரிணைப்பு. தீபத்துக்குக் கட்டும் சீரியல் செட்டின் பெயரிலேயே அது இருக்கிறது. பழைய வகையில் 6 வோல்ட் பல்புகள் 40 வரிசையாகச் சேர்ந்து 240 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு பல்பு போய்ச் சரம் அணைந்தால், அந்தப் பல்பைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கி விடுவது வழக்கம். சரம் எரியும். ஆனால் போன பல்பின் பங்கு மற்றவற்றின் தலையில் விழுகிறது. எட்டு பல்பை இப்படி எடுத்துவிட்டால் மீதி 32-க்கும் தலைக்கு 7.5 வோல்ட். இழை பல்பின் ஆயுள் வோல்டேஜுக்கு மிகவும் கட்டுப்பட்டது; கால் பங்கு வோல்டேஜ் கூடினாலே ஆயுள் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் ஒட்டுப்போட்ட சரத்தில் பல்புகள் அடுத்தடுத்துப் போகின்றன. இதெல்லாம் நடக்கும்போது ஓடும் மின்னோட்டம் ஒரு ஆம்பியருக்கும் வெகு கீழே. வீட்டு ஃபியூஸுக்கு எதுவுமே தெரியாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இழை அறுந்த பல்பின் இரண்டு முனைக்கும் இடையே நிற்பது 6 வோல்ட் அல்ல, முழு 240 வோல்ட். சின்ன பல்புதானே என்று பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்கிறவர் உயிரோடு விளையாடுகிறார்.

பக்க இணைப்பில் வோல்டேஜ் எல்லோருக்கும் சமம். ஆம்பியர் கூடிக்கொண்டே போகும். 2000 வாட்ஸ் ஹீட்டர் 8.7 ஆம்பியர், அதே அளவு இண்டக்‌ஷன் அடுப்பு இன்னொரு 8.7, இஸ்திரிப் பெட்டி 4.3. மூன்றும் ஒரே ஒயரிலிருந்து எடுத்தால் கிட்டத்தட்ட 22 ஆம்பியர். சாதனங்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது என்பது உண்மைதான். ஆனால் அவை அத்தனைக்கும் முன்னால் தொடராக நிற்பவை சில உண்டு: சுவருக்குள் போன ஒயர், ஜங்ஷன் பாக்ஸில் டேப் சுற்றிய முறுக்கு, மெயின் போர்டு, ஃபியூஸ். பக்கத்தில் சேர்க்கும் ஒவ்வொரு சாதனமும் இந்தத் தொடரைத்தான் சூடாக்குகிறது. மூன்று ஃபேஸ் வீட்டில் ஒரு ஃபேஸ் போனதும் சேஞ்ச் ஓவரைத் திருப்பி எல்லாவற்றையும் மிஞ்சிய ஃபேஸில் போடும் வழக்கத்தையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஃபியூஸ் இங்கேதான் தன் வேலையைச் செய்ய வேண்டும். அது காப்பது ஒயரை. அதிலும் பீங்கான் ஃபியூஸ் கட்டையின் திறமை நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. 15 ஆம்பியருக்கு என்று போடும் அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி உருகுவது 30 ஆம்பியரை நெருங்கும்போதுதான். மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. ஆகவே சரியான கம்பி போட்ட ஃபியூஸே, 15 ஆம்பியர் தாங்கும் 1.5 சதுர மி.மீ. ஒயரை நான்கு மடங்கு சூட்டுக்கு விட்டுவிட்டுத்தான் உருகுகிறது. இந்த நிலையில், அடிக்கடி பீஸ் போகுதே என்று ஒயரைச் சீவி நாலு இழையை முறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? 0.3 மில்லிமீட்டர் இழை ஒன்று உருக ஏறத்தாழ 13 ஆம்பியர் வேண்டும். நான்கும் பக்க இணைப்பாகச் சேர்ந்துகொள்வதால் 40 ஆம்பியரைத் தாண்டியும் கட்டை அசையாது. அதற்குள் சுவருக்குள் இருக்கும் ஒயர் ஏழு மடங்கு சூட்டில் வெந்திருக்கும். அப்போது வீட்டிலேயே மெலிந்த ஃபியூஸ் அந்த ஒயர்தான்.

சாதனங்களுக்கு வரும் பெரிய ஆபத்து வேறொரு இடத்திலிருந்து வருகிறது: நியூட்ரல் கட். ஒரே கட்டிடத்தில் ஒரு போர்ஷனுக்கு ஒரு ஃபேஸ், அடுத்ததற்கு இன்னொரு ஃபேஸ், இரண்டுக்கும் பொதுவாக ஒரு நியூட்ரல் என்று வையுங்கள். மீட்டர் போர்டில் அந்த நியூட்ரலின் ஸ்க்ரூ தளர்ந்து தொடர்பு விட்டுப்போகிறது. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் ஒரு போர்ஷன் வழியே போய் அடுத்த போர்ஷன் வழியே திரும்பும். பக்க இணைப்பில் இருந்த இரண்டு வீடும், யாரும் ஒயரைத் தொடாமலே, 400 வோல்ட்டுக்கு நடுவே தொடரிணைப்பாகிவிட்டன. ஒரு வீட்டில் 1000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டி, அடுத்த வீட்டில் டிவியும் மின்விசிறியுமாக 100 வாட்ஸ் என்று கணக்குப் போட்டால், இஸ்திரி வீட்டுக்குக் கிடைப்பது சுமார் 36 வோல்ட். டிவி வீட்டின் மேல் ஏறுவது 364 வோல்ட். குறைவாக லோடு போட்டவர் வீட்டுச் சாமான்தான் எரிகிறது. ஓடும் மின்னோட்டமோ 0.7 ஆம்பியர்கூட இல்லை. 5 ஆம்பியர் ஃபியூஸ்கூட இதைக் கண்டு அசையாது. ‘ஹை வோல்டேஜ் வந்திடுச்சு, பீஸ் ஏன் போகலை?’ என்று கேட்கிறவருக்கு இதுதான் பதில். ஃபியூஸுக்கு ஆம்பியர் தெரியும், வோல்டேஜ் தெரியாது.

பழைய போர்டுகளில் ஃபேஸுக்கு ஒரு கட்டை, நியூட்ரலுக்கு ஒரு கட்டை என்று ஜோடியாக இருக்கும். இரட்டைப் பாதுகாப்பு என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அது பாதுகாப்பே அல்ல. நியூட்ரல் கட்டை உருகினால் பல்பு அணையும், சாக்கெட்டில் ஷாக் மட்டும் மிஞ்சும். மூன்று ஃபேஸுக்குப் பொதுவான நியூட்ரலில் அது உருகினால், மேலே சொன்ன தொடரிணைப்பை ஃபியூஸே உண்டாக்கிவிடும். 1956 இந்திய மின்சார விதிகளே நியூட்ரலில் கட்அவுட் வைப்பதைத் தடுத்திருக்கின்றன.

கட்டையை எடுத்துவிட்டு, சுமை கூடினால் தானே விழும் சுவிட்சான எம்சிபி போட்டால் போதுமா? ஒயரைப் பொறுத்தவரை அது பெரிய முன்னேற்றம்தான். குறித்த அளவைப் போல் 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும் என்பது அதன் தரம். சூடு நான்கு மடங்குக்குப் பதில் இரண்டு மடங்கிலேயே நிற்கிறது. முறுக்கிக் கட்ட அதில் கம்பியும் இல்லை. நியூட்ரல் கட்டுக்கு முன்னால் மட்டும் அதுவும் கட்டையைப் போலத்தான் சும்மா நிற்கும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஷாக்கிலிருந்து ஆளைக் காக்கும். டிவியைக் காப்பது அதன் வேலை அல்ல.

ஆகவே என் தீர்ப்பு இது. பக்க இணைப்பு சரியான முறை. பாடப் புத்தகம் சொல்வது நியூட்ரல் அறாத வரைக்கும் உண்மை. ஃபியூஸ் சாதனங்களின் காவலன் என்ற நம்பிக்கை தவறு. ஒயரின் கனத்துக்கு ஏற்ற எம்சிபி, ஆளுக்கு ஆர்சிசிபி, சாமானுக்கு ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் என்று மூன்றும் தனித்தனியே வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. வாடகைக்கு விடுகிறவர் கையில் பணம் அளவாக இருந்தால், வெறும் சர்ஜ் பாக்ஸில் அதைப் போட வேண்டாம். அது நொடிநேரத் தாக்குதலுக்கானது. நிமிடக் கணக்கில் நிற்கும் 364 வோல்ட்டுக்குத் தாங்காது. லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, நியூட்ரல் ஒயர் ஃபேஸ் ஒயரின் கனத்திலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, மீட்டருக்குப் பிறகு உள்ள நியூட்ரல் இணைப்புகள் அத்தனையையும் தீபத்துக்கு முன்பே இறுக்கச் சொல்லட்டும். செலவு ஒரு நாள் கூலி.