மூன்று பாணிகளும் ஒரு தராசும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த அமெரிக்க அறிவியல் புனைகதைகளைப் பாணி வாரியாகப் பிரிப்பது வழக்கம். பாணிக்கு ஒரு பத்திரிகை, அதற்கு ஓர் ஆசிரியர். 1937 இறுதியில் 'அஸ்டவுண்டிங்' இதழுக்குப் பொறுப்பேற்ற ஜான் கேம்பெல், பொறியாளர் புத்தியோடு சிக்கலை அவிழ்க்கும் கதைகளைக் கேட்டு வாங்கினார். 1949இல் பௌச்சரும் மெக்கோமாஸும் தொடங்கிய இதழ் நடையழகை நாடியது. 1950இல் வந்த ஹெச். எல். கோல்டின் 'காலக்ஸி' சமூக அங்கதத்துக்கு இடம் கொடுத்தது. நூலக அலமாரிக்கு உதவும் பிரிவினைதான். ஆனால் ஒரு கதை தேறுமா தேறாதா என்பதை அது சொல்லாது. ஜேம்ஸ் பிளிஷின் எழுத்தே இதற்குச் சாட்சி.

1921இல் நியூ ஜெர்சியில் பிறந்த பிளிஷ், ரட்கர்ஸில் நுண்ணுயிரியல் படித்தவர். ஃபைசர் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அந்தப் படிப்பு முழுதாகப் பலித்த கதை, 1952இல் வெளியான 'சர்ஃபேஸ் டென்ஷன்'. வேற்றுக்கிரகத்தின் குட்டை நீரில் வாழும்படி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய மனிதர்கள் உருவாக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு நீரின் மேற்பரப்புதான் வானத்தின் எல்லை. அதைக் கிழித்துக்கொண்டு அடுத்த குட்டைக்குப் போக, இரண்டங்குல மரக்கப்பல் ஒன்றைக் கட்டுகிறார்கள். பரப்பு இழுவிசை என்ற பாடப்புத்தகச் செய்தியை எடுத்துவிட்டால் கதையே இல்லை. அசல் கேம்பெல் சரக்கு; வெளியிட்டதோ 'காலக்ஸி'. கேம்பெல் வெளியிட்ட 'ஓக்கி' கதைகளைப் பாருங்கள். நகரங்கள் பூமியைவிட்டுப் பெயர்ந்து, கூலி வேலை தேடி அண்டவெளியில் அலைகின்றன. பொறியியல் உற்சாகத்துக்கு அடியில் ஓடுவது, நாகரிகங்கள் முதுமையடைந்து மடியும் என்ற ஸ்பெங்லரின் வரலாற்றுப் பார்வை. பத்திரிகையின் பெயரை வைத்துக் கதையைக் கணித்தால் இரண்டிலும் ஏமாந்துபோவோம்.

பிளிஷ் நம்பியது வேறொரு அளவுகோலை. வில்லியம் அதெலிங் என்ற புனைபெயரில், வாசகர்கள் நடத்திய சிற்றிதழ்களில் அவர் எழுதிய விமர்சனங்கள் 1964இல் 'தி இஷ்யூ அட் ஹேண்ட்' என்று நூலாயின. முயலுக்கு வாயில் நுழையாத பெயரைச் சூட்டி வேற்றுக்கிரகப் பிராணி என்று காட்டும் சோம்பலை அவர் மன்னிக்கவில்லை. 'சொன்னான்' என்றால் போதுமான இடத்தில் உறுமுவது, கரகரப்பது என்று வினைகளை அடுக்கும் பழக்கத்தையும் அப்படியே சாடினார். தன் கதையையும் அதே பெயரில் விமர்சித்தார். கருத்துதான் இத்துறையின் உயிர், கைத்திறனைப் பெரிதுபடுத்தினால் கருத்து வாடிவிடும் என்று வாதிடுவோர் உண்டு. இரண்டும் பகையல்ல. குட்டைக்கதையின் கருத்து மனத்தில் தங்குவது, நீந்தும் மனிதனுக்குத் தண்ணீர்த்தோல் எப்படித் தடுக்கும் என்று வரிவரியாக உணர்த்தும் எழுத்தால்தான்.

'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரைப் புத்தகம் புத்தகமாகக் கதையாக்கியவருக்குத் தரம் பேச என்ன தகுதி என்பது இன்னொரு ஆட்சேபம். 1967 முதல் சாகும்வரை அந்த வேலையை அவர் செய்ததும், அவற்றில் பெரும்பாலானவை அதெலிங்கின் தராசில் நிற்காதவை என்பதும் உண்மையே. ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு எழுதியதை வைத்து அளவுகோலைத் தள்ளிவிட முடியாது. 1959இல் ஹியூகோ விருது பெற்ற 'எ கேஸ் ஆஃப் கான்ஷன்ஸ்' நாவலையே அந்தத் தராசில் வைக்கலாம். கடவுளை அறியாமலே குற்றமின்றி வாழும் லித்தியா கிரகத்தாரைக் கண்டு, இது சாத்தானின் படைப்போ என்று தடுமாறும் ஜெசூயிட் உயிரியலாளரின் கதை அது. 1953இல் குறுநாவலாக வந்த முற்பாதி செறிவானது. பூமியில் நடக்கும் பிற்பாதி அதற்கு ஈடில்லை.

பிளிஷைப் புதிதாகப் படிப்பவர்கள் 'சர்ஃபேஸ் டென்ஷன்' கதையில் தொடங்கி, அதெலிங்கின் கட்டுரைகளைப் படித்துவிட்டு, அப்புறம் இந்த நாவலுக்கு வரவேண்டும்; 'ஸ்டார் ட்ரெக்' தொகுதிகளை விட்டுவிட்டால் நஷ்டமில்லை.