உண்ணி புகாத உறையால் இழுப்பு நிற்குமா?
இரண்டு ஆய்வுகள் – ஒரு மதிப்பீடு

இழுப்பு நோயால் துன்புறும் குழந்தை உள்ள வீட்டில் அடிக்கடி எழும் கேள்வி இது: மெத்தைக்கும் தலையணைக்கும் உண்ணி புகாத உறை போட்டால் பயன் உண்டா? விளம்பரங்கள் 'உண்டு' என்று அடித்துச் சொல்கின்றன. மருத்துவ ஆய்வுகளில் பலவோ 'இல்லை' என்றன. எது சரி? பணம் கொடுத்து வாங்குமுன் இரு கூற்றுகளையும் உரைத்துப் பார்ப்போம்.

முதலில் உண்ணியைப் பற்றிச் சில சொற்கள். தூசு உண்ணி எட்டுக் கால்களை உடையது. சிலந்தியின் தூரத்து உறவினம். நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர்தான். நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதிள்களே இதன் உணவு. இது நீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது. இது நம்மைக் கடிப்பதும் இல்லை. தொல்லை தருவது பெரும்பாலும் இதன் எச்சத்திலுள்ள புரதம்தான். வீட்டுத் தூசு ஒவ்வாமைக்கு இந்த உண்ணியே முக்கியக் காரணம் என்பதை 1960-களில் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் எடுத்துக் காட்டினர்.

காரணம் தெரிந்தபின் தீர்வு எளிது என்றே தோன்றியது. உண்ணியை உறையிட்டு அடைத்தால் நோய் தணியும் அல்லவா? 2003-இல் பிரிட்டனில் வுட்காக் குழுவினர் இதைப் பெரிய அளவில் சோதித்தனர். இழுப்பு நோயுள்ள பெரியவர்கள் 1,122 பேர். பாதிப் பேருக்கு உண்ணி புகாத உறை; மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே போன்ற சாதாரண உறை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் வேறுபாடே இல்லை! உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்தை அடியோடு நிறுத்த முடிந்தவர்கள் ஒரு பிரிவில் 17.4 விழுக்காடு, மற்றொன்றில் 17.1 விழுக்காடு.

ஆய்வு நேர்மையானது, அமைப்பும் சிறந்தது. ஆயினும் அது விடையளித்த கேள்வி எது என்று கவனிக்க வேண்டும். பங்கேற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உண்ணி ஒவ்வாமையே இல்லை. அவர்களுக்கு உறை எப்படி உதவும்? மேலும், ஆறு மாதத்தில் மெத்தைத் தூசில் குறைந்திருந்த உண்ணிப் புரதம், பன்னிரண்டாம் மாதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடின்றிப் போயிற்று. ஒவ்வாமை உள்ளவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும் ஆய்வாளர்கள் பயன் காணவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ஆகவே, 'பெரியவர்களுக்கு உறை மட்டும் போதாது' என்பதே இதன் தீர்ப்பு. 'உண்ணியைத் தவிர்ப்பது வீண்' என்று இதிலிருந்து முடிவு கட்டுவது, ஆய்வு சொல்லாததைச் சொல்வதாகும்.

2017-இல் மர்ரி குழுவினர் கேள்வியை வேறு விதமாகக் கேட்டனர். வடமேற்கு இங்கிலாந்தில் இழுப்பு முற்றி மருத்துவமனைக்கு வந்த 3 முதல் 17 வயது வரையிலான 284 பேரை எடுத்துக்கொண்டனர். அனைவருக்கும் உண்ணி ஒவ்வாமை இருப்பது முன்பே சோதித்து அறியப்பட்டது. ஓராண்டில், சாதாரண உறைப் பிரிவில் 41.5 விழுக்காட்டினர் மீண்டும் இழுப்பு முற்றி மருத்துவமனைக்கு வந்தனர். உண்ணி புகாத உறைப் பிரிவில் 29.3 விழுக்காட்டினரே வந்தனர். நூறு குழந்தைகளில் பன்னிருவருக்கு அந்த நள்ளிரவு ஓட்டம் மிச்சம்!

இதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. ஆய்வு சிறியது. இழுப்பு முற்றியதால் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டவர்களின் கணக்கில் இரு பிரிவுகளுக்கும் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. விளம்பரக்காரர்கள் இந்த ஆய்வைக் காட்டினால், இந்தப் பாதியையும் சேர்த்துக் காட்டும்படி கேளுங்கள்.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலப்படும். உறை வாங்குமுன் சோதனை வேண்டும். தோல் குத்துச் சோதனையில் உண்ணிச் சாற்றின் ஒரு துளியை முன்கையில் இட்டு லேசாகக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடிப்பு எழுந்தால், உடல் உண்ணிக்கு எதிராகத் தயாராக உள்ளது என்று பொருள். ஒவ்வாமையைத் தணிக்கும் சில மாத்திரைகள் இத்தடிப்பை அடக்கிவிடும். எனவே அவற்றைச் சில நாட்கள் முன்பே நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால், தடிப்பு எழுந்த எல்லோருக்கும் நோய் இருப்பதில்லை. படுக்கையை உதறும்போது தும்மலும், விடியற்காலையில் இழுப்பும் உண்டா என்ற வரலாறும் சேர்ந்தால்தான் சோதனைக்குப் பொருள் உண்டு.

சோதனை 'ஆம்' என்றால் மெத்தை, தலையணை, போர்வை அனைத்தையும் கவனிக்க வேண்டும். விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் உண்ணி சாகும். புரதமும் பெருமளவு கழுவப்படும். மெத்தையை வெயிலில் காயப்போடும் நம் வீட்டு வழக்கமும் நல்லதே. ஆனால் வெயில் உண்ணியைக் கொன்றாலும் எச்சம் மெத்தையிலேயே தங்கிவிடும் என்பதை நினைவில் கொள்க. எது செய்தாலும் மருத்துவர் தந்த உள்ளிழுப்பு மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. உறை மருந்துக்குத் துணையே அன்றி மாற்று அன்று.