மேரி மண்டபம்: உருவமும் உயிரும்

வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளிலிருந்து புதுச்சேரிக் கடற்கரைக்குச் செல்லும் நம்மவர்கள் காந்தியடிகள் சிலையைக் கண்டு, காற்று வாங்கித் திரும்பிவிடுகின்றனர். அதே சாலையில் கடலை நோக்கி நிற்கும் மேரி கட்டிடத்தின் முன் நின்று பார்ப்போர் சிலரே. ‘மேரி’ என்பது பெண்ணின் பெயரன்று. நகர மன்றத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்.

1870ஆம் ஆண்டையொட்டி எழுந்த அக்கட்டிடம் 2014 நவம்பர் 29 அன்று, தொடர்மழையில் இடிந்து வீழ்ந்தது. பழைய தோற்றத்திலேயே, சுமார் 15 கோடி ரூபாய்ச் செலவில் மீண்டும் கட்டப்பட்டு, 2021 பிப்ரவரி 25 அன்று திறந்து வைக்கப்பட்டது. இப்பணி பாராட்டுக்குரியது. ஒரே சீராக அணிவகுக்கும் தூண்கள், இரு மாடிகளுக்கும் பொருந்திய அளவு, கடற்காற்றை வரவேற்கும் முகப்பு ஆகியவை கண்ணுக்கு நிறைவளிக்கின்றன. அரண்மனையின் மிரட்டல் இங்கில்லை. குடிமக்களை உள்ளே அழைக்கும் பெருந்தன்மையே உண்டு.

ஆயினும், நகர மன்றத்தைத் தூண்களை மட்டும் எண்ணி மதிப்பிடுதல் ஆகாது. அதனுள் அமர்வோர் யார் என்பதும் அதன் அழகைச் சார்ந்ததே.

1880இல் பிரெஞ்சு அரசு தன் இந்தியப் பகுதிகளைக் கொம்யூன்களாகப் பிரித்தபோது, வில்லியனூரும் பாகூரும் தத்தமக்குரிய மன்றங்களைப் பெற்றன. சிற்றூர் உழவனுக்கும் ‘மேர்’ என்னும் மன்றத் தலைவர் எட்டும் தூரத்தில் இருந்தார். அந்த ஏற்பாட்டிலும் மாசு உண்டு. ஐரோப்பியருக்கு ஒன்று, இந்தியருக்கு வேறொன்று என வாக்காளர் பட்டியல்கள் பிரித்தே வைக்கப்பட்டிருந்தன. தொழுகை வரிசையில் ஆண்டானும் அடிமையும் தோளொட்டி நிற்கக் கண்ட நமக்கு அப்பாகுபாட்டின் குறை எளிதில் விளங்கும். தூண்களுக்குக் கிட்டிய சமத்துவம் மனிதர்க்குக் கிட்டவில்லை.

ஆனால் அம்மன்றங்களே பின்னர் வரலாற்றை எழுதின. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில், சட்டமன்றத்தாரும் நகர மன்ற உறுப்பினருமாக 178 பேர் கூடினர். இந்தியாவோடு இணைய 170 பேர் இசைந்தனர், எண்மர் மறுத்தனர். கடற்கரை மாளிகையில் அன்று. வயல் சூழ்ந்த ஒரு சிற்றூரிலேயே அந்நாட்டின் தலைவிதி தீர்மானமாயிற்று. கீழூர் நினைவிடத்தில் மேரியின் கம்பீரம் இல்லை. எனினும் ‘மன்றம்’ என்னும் சொல்லின் முழுப் பொருளையும் அங்கேதான் உணர்கிறோம்.

இவ்விடத்தில்தான் நம் உள்ளம் உறுத்துகிறது. புதுச்சேரியில் 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான், 38 ஆண்டுகள் கழித்து நடைபெற்றது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் முடிந்தபின் மறுதேர்தல் இல்லை. ஆகவே 2021இல் புதிய மேரி திறக்கப்பட்டபோது, அதனுள் அமர மக்கள் தேர்ந்த மன்றம் ஒன்றில்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளின் நிலையும் அதுவே. இமாம் இல்லாத மிஹ்ராபைப் போன்றது அக்காட்சி.

திருமறையில் கலந்தாலோசனையைக் குறிக்கும் ‘ஷூரா’ என்னும் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. பொறுப்பை அமானிதமாகக் கருதும் சமுதாயம் நாம். எனவே நம் பிள்ளைகளை மேரிக்கு அழைத்துச் செல்வோம்; அதன் தூண்களைக் காட்டுவோம். திரும்பும் வழியில் கீழூரையும் காட்டி, கல்லும் சுண்ணாம்பும் மீண்டதுபோல் மன்றமும் மீள வேண்டும் என்று சொல்லி வைப்போம்.