துளை மூன்று அங்குலம்தான், தடம் அப்படியல்ல

தென்னாப்பிரிக்காவில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. சுரங்கம், சாலை, மின்கம்பி என்று எதற்காகத் தொல்லியல் தாக்க மதிப்பீடு செய்தாலும், அந்த அறிக்கை சாரிஸ் என்கிற அரசுத் தரவுத்தளத்தில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நிலக்கரி தேடும் துளையிடலுக்கு முன் எழுதப்படும் அறிக்கைகளைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். என் விமர்சனம் எந்த ஒரு தொல்லியலாளர் மீதும் இல்லை. இந்த அறிக்கை வகையின் அமைப்பு மீதுதான்.

முதலில் சட்டம். 1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளங்கள் சட்டம், 38-ஆவது பிரிவு. ஒரு நிலத்தின் தன்மையை 5,000 சதுர மீட்டருக்கு மேல் மாற்றினாலோ, 300 மீட்டரைத் தாண்டிச் சாலை போன்ற எதையாவது போட்டாலோ, திட்டத்தின் ஆரம்பக் கட்டத்திலேயே பாரம்பரியத் துறைக்குச் சொல்லியாக வேண்டும். மதிப்பீடு தேவையா என்பதைத் துறை முடிவு செய்யும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு ரிக் நிற்க 20-க்கு 20 மீட்டர் இடம் சமன் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 400 சதுர மீட்டர். அப்படி 12 இடம் போட்டால் 4,800. வரம்புக்குள் வந்தாச்சு! லாரி போய்ப் போய் உருவாகும் மண்தடத்தை 'சாலை அமைத்தல்' என்று யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இன்னொரு சட்டத்தின் கீழ் நடக்கும் சுற்றுச்சூழல் ஆய்வோடு பாரம்பரியத்தையும் சேர்த்துப் பார்க்க வழி உண்டு. ஆனால் "இது வெறும் தேடல்தானே" என்ற மனநிலை அங்கேயும் வேலை செய்கிறது. தேடலின் தாக்கம் 'குறைவு' என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

துளை சின்னதுதான். வழக்கமான என்கியூ அளவுத் துளையின் விட்டம் 75.7 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம். பிரச்சினை துளையைச் சுற்றி இருப்பவற்றில்: சமன் செய்த தளம், சேற்றுநீர்க் குழி, தண்ணீர் லாரி, வண்டித்தடம். அதோடு, நிலக்கரி அடுக்கு வரும்போதுதான் மாதிரியை முழுசாக, பத்திரமாக எடுப்பார்கள். மேலே இருக்கும் இளகிய மண் பெரும்பாலும் தூளாகவும் சேறாகவும் வெளியே வரும். மனிதர்கள் விட்டுச் சென்றது அந்த மேல்மண்ணில்தான் இருக்கிறது.

அடுத்து, "தற்செயலாக ஏதாவது கிடைத்தால் வேலையை நிறுத்தவும்" என்ற பரிந்துரை. கிட்டத்தட்ட எல்லா அறிக்கையிலும் இது உண்டு. சேற்றோடு வரும் பானை ஓட்டுத் துணுக்கை ரிக் ஆபரேட்டர் எப்படி அடையாளம் காண்பார்? சாஃப்ட்வேரில் இதை, டெஸ்ட் பண்ணாமல் ரிலீஸ் செய்துவிட்டு "பக் வந்தால் யூசர் சொல்லுவார்" என்று இருப்பதற்குச் சமம் என்பேன். இங்கே ரோல்பேக்கும் கிடையாது.

"தளம் எதுவும் இல்லை" என்பதும் "தளம் எதுவும் கண்ணில் படவில்லை" என்பதும் ஒன்றல்ல. புல் ஆளுயரம் வளர்ந்திருக்கும் மழைக்காலத்தில் நடந்து பார்த்தால் என்ன தெரியும்? ஆனால் அதே புல் துப்பும் கொடுக்கும். இரும்புக்காலக் குடியிருப்புகளின் பழைய மாட்டுச்சாணக் குவியல்கள் மேல் ஒரு குறிப்பிட்ட புல் செழித்து வளர்வதை, போட்ஸ்வானாவின் வான்வழிப் படங்களை வைத்து ஜேம்ஸ் டென்போ 1979-லேயே காட்டினார். நம்மூர்க் கொழுக்கட்டைப் புல்தான் அது. இன்று செயற்கைக்கோள் படம் இலவசம். மேசை ஆய்வு என்றால் பழைய அறிக்கைகளைத் தொகுப்பது மட்டும் என்று ஏன் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

லிம்போபோ ஆற்றங்கரையில் உள்ள வேலே சுரங்கத்தைப் பாருங்கள். பக்கத்தில்தான் மாபுங்குப்வே. 13-ஆம் நூற்றாண்டு அரசு ஒன்றின் தலைநகரம், தங்கக் காண்டாமிருகம் கிடைத்த இடம், 2003 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். 2010-இல் சுரங்க உரிமை கொடுத்தார்கள். தொல்லியலாளர்களும் சூழலியல் அமைப்புகளும் எதிர்த்தார்கள், உலகப் பாரம்பரியக் குழு கவலை தெரிவித்தது. பெரிய சண்டை நடந்தது. அது நடந்தது, நிலக்கரி எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடித்து, பணமும் போட்ட பிறகு. அந்தக் கட்டத்தில் "வேண்டாம்" என்று சொல்வது யாருக்கும் எளிதில்லை.

தேடல் கட்டத்தில் நிலைமையே வேறு. ஒரு துளையை 50 மீட்டர் தள்ளிப் போட்டால் பெரிய நஷ்டம் ஒன்றும் வராது. இவ்வளவு மலிவாகத் தவிர்க்கும் வாய்ப்பு பிறகு எந்தக் கட்டத்திலும் வராது. ஆனால் பல நேரம் துளைகளின் இடம் முடிவாகும் முன்பே அறிக்கை எழுதி முடிக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் எங்கே நடப்பது என்று தொல்லியலாளருக்கே தெரியாது.

நான் கேட்பது மூன்றே விஷயம். துளைகளின் ஆயத்தொலைவும் வண்டித்தடமும் முடிவான பிறகு நடந்து பார்க்க வேண்டும். நடந்த பாதையின் ஜிபிஎஸ் பதிவு, பார்த்த மாதம், தரை எவ்வளவு தெரிந்தது என்ற விவரம் எல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும். பார்க்காத பகுதியை 'தளம் இல்லை' என்று எழுதாமல் 'பார்க்கவில்லை' என்றே எழுத வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். பத்து வருஷம் கழித்துச் சுரங்கத்துக்கு விண்ணப்பம் வரும்போது, அடுத்த ஆய்வாளர் முதலில் திறந்து பார்க்கப் போவது இந்த அறிக்கையைத்தான்.