நல்ல பேட்ச்சின் அழகு

லினக்ஸ் கெர்னலுக்கு யார் அனுப்பும் திருத்தமானாலும் அதற்குப் பேட்ச் என்று பெயர். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்த மென்பொருள் இன்றும் பேட்ச்களால்தான் வளர்கிறது.

ஒரு பேட்ச்சில் ஒரே ஒரு மாற்றம் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. பிழையைத் திருத்துபவர் போகிற போக்கில் பக்கத்து வரிகளின் இடைவெளியையும் சீராக்கினால், எது திருத்தம், எது ஒப்பனை என்று பிரித்தறிவதே, அதைப் பார்த்து ஏற்கும் பராமரிப்பாளருக்கு வேலையாகிவிடும். அவர் நேரத்தை மிச்சப்படுத்துவதே அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை.

என்ன மாறியது என்பதை நிரலே காட்டிவிடும். ஏன் மாறியது என்பதைப் பேட்ச்சோடு வரும் குறிப்புதான் சொல்ல வேண்டும்: எந்தச் சூழலில் பிழை தலைகாட்டியது, பயனருக்கு என்ன நேர்ந்தது, வேறு வழி ஏன் சரிப்படவில்லை. பேட்ச்சின் உண்மையான அழகு இங்கேதான் இருக்கிறது. மூன்று வரித் திருத்தத்துக்கு முப்பது வரி விளக்கம் எழுதப்படுவதுண்டு, அது மிகையன்று. பல ஆண்டுகள் கழித்து அதே வரியில் தடுமாறும் ஒருவர் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றைப் புரட்டினால், எழுதியவர் விலகிப் போயிருந்தாலும் காரணம் கிடைத்துவிடும்.

குறிப்பின் அடியில் ‘சைன்டு-ஆஃப்-பை’ வரி வரும். 2004இல் வழக்கத்துக்கு வந்த இது, அந்த நிரலைத் தரத் தமக்கு உரிமை உண்டு என்று அனுப்புபவர் தரும் உறுதிமொழி. பிழையைக் கண்டு சொன்னவர், சோதித்தவர், சரிபார்த்தவர் ஆகியோருக்கும் தனித்தனி வரிகள் உண்டு. நன்றியைப் பெயரோடு பதிவு செய்யும் இந்த ஏற்பாடு போற்றத்தக்கது.

அனுப்பிய பேட்ச்சுக்குப் பதில் வர வாரங்கள்கூட ஆகலாம். விமர்சனம் வந்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, முந்தைய பதிப்பிலிருந்து மாறியதைக் குறித்து, ‘வி2’ என்று எண்ணிட்டு மறுபடி அனுப்புவது முறை.